துளை ஐந்து, சத்தம் நான்கு

என் அத்தை பெற்ற அருமை மகனே, தங்கை ஞானத்தின் துணைவனே, அந்தோணி மாப்பிள்ளை,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. முந்தாநாள் கோயிலில் உனக்காகப் பூசை வைத்தோம். கிணறு வெட்டுகிற ஆட்கள் பதினோரு பேரும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஞானத்தைப் பார்த்துப் பார்த்து எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

வெளியே வந்ததும் மாடசாமி என்னிடம், “வெடிக் கெணத்து மேஸ்திரி காய்ச்ச வந்து கட்டில்ல படுத்துச் செத்தாருன்னா மத்த ஊர்க்காரன் நம்ப மாட்டேங்கிறான் மொதலாளி” என்றான். பெருமையாகத்தான் சொன்னான்.

வாசகசாலை ஆண்டு மலருக்கு என் வியாபார அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து யோசித்தேன். என் அனுபவத்தில் எழுதத் தகுந்தது உன்னோடு வேலை செய்ததுதான். ஆகையால் உனக்கே எழுதுகிறேன், மற்றவர்கள் படித்துக்கொள்ளட்டும். நீ இருந்தபோது சொல்லாமல் விட்ட வார்த்தை ஒன்று என்னிடம் இருக்கிறது. உன்னைத் திட்டியது நாலு பேர் முன்னால். இதையும் நாலு பேர் முன்னால் சொல்வதுதான் நியாயம்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நான் கயிறு விற்று ஆரம்பித்தவன். தலைச்சுமையாகத் திருச்சுழிக்கும் பந்தல்குடிக்கும் நடந்தவன். பிறகு கடப்பாரை விற்றேன், பிறகு அருப்புக்கோட்டையில் கடை போட்டேன், பிறகு வெடிமருந்துக்கு லைசென்ஸ் வாங்கினேன். மருந்து வாங்க வருகிற, நிலம் வைத்திருக்கிற சம்சாரிகள் கிணறு வெட்ட ஆள் கிடைக்குமா என்று கேட்டார்கள். ஆளையும் நானே தருகிறேன் என்று காண்டிராக்டும் எடுத்தேன். நம் பக்கத்தில் மேலே கரிசல், கீழே பாறை. வெடி இல்லாமல் கிணறு இல்லை.

பாறையில் உளியால் துளை போட வேண்டும். துளைக்குள் மருந்தைக் கிட்டித்துத் திரி வைக்க வேண்டும். திரியைப் பற்றவைத்துவிட்டு ஏணியில் ஏறி ஓடிவந்துவிட வேண்டும். வெடித்ததும் இறங்கிக் கல்லை அள்ள வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் வெடித்த பிறகு ஆட்கள் இறங்கத் தயங்குவார்கள். புகை அடங்கட்டும் என்பார்கள், வெற்றிலை போடுவார்கள். பொழுது போய்க்கொண்டிருக்கும்.

அதைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை தோன்றியது. முதலில் இறங்குகிறவனுக்கு நம்மூர்த் தறியில் நெய்த புதுத் துண்டு ஒன்று தருவதாகச் சொன்னேன். அதன் பிறகு சத்தம் கேட்ட மறுநிமிஷமே போட்டி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மற்றக் காண்டிராக்டர்களும் என்னைப் பார்த்துத் துண்டு கொடுக்க ஆரம்பித்தார்கள். அருளப்பன் கெட்டிக்காரன் என்று பெயர் வந்தது.

மாடசாமியின் அண்ணன் சுடலை அப்படி ஒரு நாள் முதலில் இறங்கினான். துளைகளில் ஒன்று வெடிக்காமல் இருந்திருக்கிறது. அவன் கடப்பாரையைப் போட்டதும் அது வெடித்தது. கிணறு பலி வாங்கிவிட்டது என்று ஊர் பேசியது. தோட்டத்துக்காரர் ஒரு கிடா வெட்டினார், அடுத்த வாரம் வேலை நடந்தது. கிணறுதான் வாங்கியது என்று ஆகிவிட்டால் துண்டு கொடுத்தவனை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது, மாப்பிள்ளை. மாடசாமிக்குப் படிக்கத் தெரியாது. மலர் அச்சாகி வந்ததும் இந்தப் பத்தியை அவனுக்கு நானே படித்துக் காட்டப் போகிறேன்.

யுத்தம் தொடங்கிய சமயம் நீ ஊருக்கு வந்தாய். வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு இருமலும் தகரப் பெட்டியுமாக வந்து இறங்கினாய். இரண்டு நாள் கடையில் சும்மா உட்கார்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாய். மூன்றாம் நாள் சுடலையின் பேச்சு வந்தது.

“அன்னைக்கு எத்தன தொள போட்டாக மச்சான்?”

“அஞ்சோ ஆறோ.”

“எத்தன சத்தம் கேட்டுச்சு?”

“சத்தத்த எவன்யா எண்ணிக்கிட்டு நிப்பான்?”

“எண்ணியிருந்தா சுடலை இருந்திருப்பான்” என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. கரி அள்ளிவிட்டு வந்தவன் எனக்குக் கிணறு சொல்லித் தருகிறானா என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் தகரப் பெட்டியைத் திறந்து துணியில் ஒட்டிய ஒரு தாளை எடுத்துக் காட்டினாய், நினைவிருக்கிறதா? சுரங்கத்துக் கிழட்டு வெள்ளைக்கார மேஸ்திரி ஊருக்குப் போகும்போது உனக்குக் கொடுத்தது. விக்டோரியா ராணி காலத்தில் அவர்கள் நாட்டில் நிலக்கரிக் குழிகளுக்குப் போட்ட சட்டதிட்டங்கள். பொடி எழுத்தில் வரிவரியாக இருந்தது. பூட்டிய விளக்கைக் குழிக்குள் திறக்கக் கூடாது. நெருப்புக் குச்சி கொண்டுபோகக் கூடாது. ஆள் இறங்குமுன் ஒருவன் போய்க் காற்றைப் பார்த்து வர வேண்டும். வெடிக்காத துளையைத் தோண்டி எடுக்கக் கூடாது. ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாய்.

“இதெல்லாம் யாரோ உக்காந்து யோசிச்சு எழுதுனதுன்னு நெனைக்காதீக. ஒவ்வொரு வரிக்கும் அடியில ஆளு செத்துக் கெடக்கான். செத்த பெறகுதான் வரி வந்துச்சு” என்றாய்.

குழிக்கு இரண்டு வாசல் வேண்டும் என்ற வரியில் விரலை வைத்து அந்த மேஸ்திரியின் குடும்பத்துக் கதையைச் சொன்னாய். அவன் தாத்தா வேலை பார்த்த குழிக்கு ஒரே வாய். மேலே இருந்த எந்திரத்தின் இரும்பு உத்தரம் முறிந்து அந்த வாய்க்குள் விழுந்து அடைத்துக்கொண்டது. உள்ளே போனவர்கள் உள்ளேயே. வீட்டுப் பெண்கள் நாள் கணக்கில் குழிமேட்டிலேயே நின்றார்களாம். மேஸ்திரியின் அப்பா அப்போது கைக்குழந்தை, அவரும் தாயின் இடுப்பில் அங்கேதான் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் இரண்டாவது வாசல் இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

“மொதல்லயே ரெண்டு வாசல் வெட்டுறதுக்கு என்னவாம்?” என்று கேட்டேன்.

“கட்டுப்படியாகாதுன்னு மொதலாளிமாரு சொன்னாகளாம். அவுகளும் உங்கள மாதிரி வெவரமான ஆளுகதான் மச்சான்.”

அந்தக் குத்தல் எனக்குப் பிடித்திருந்தது. இல்லையென்றால் மேஸ்திரி வேலையை உன்னிடம் கொடுத்திருக்க மாட்டேன்.

முதல் வேலையாகத் துண்டை நிறுத்தச் சொன்னாய். பிறகு மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஆளுக்கொரு தகர வில்லை செய்து எண் குத்தினாய். இறங்குகிறவன் வில்லையை உன் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், ஏறி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பற்றவைக்கிறவனுடைய வில்லையைத் தவிர வேறு எது கையில் இருந்தாலும் திரியில் நெருப்பு வைக்க விடமாட்டாய். எத்தனை துளை என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வாய். வெடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை எண்ணுவாய். ஒன்று குறைந்தால் மறுநாள் காலை வரைக்கும் எவனும் இறங்கக் கூடாது.

ஆட்களுடைய வழக்கத்தையும் நீ விடவில்லை. காலையில் வேலை தொடங்குமுன் கிணற்று வாயில் சூடம் கொளுத்திக் கும்பிடுவார்கள். நீ வேதக்காரன், இதை நிறுத்தப் போகிறாய் என்று மாடசாமி நினைத்தான். நீயோ சூடத்தைச் சட்டியில் ஏற்றிக் கயிற்றில் கட்டி அடிவரைக்கும் இறக்கச் சொன்னாய். “எரிஞ்சா நாம எறங்கலாம். அணைஞ்சா கீழ கெட்ட காத்து கெடக்கு” என்றாய். கரிக்குழிக்குள் நெருப்பைக் கொண்டுபோனால் காற்றே தீப்பிடிக்கும், நம் கிணற்றில் நெருப்புதான் காற்றைக் காட்டிக்கொடுக்கும் என்று விளக்கினாய். “சாமியவே வேல வாங்குறாரு மேஸ்திரி” என்று மாடசாமி சிரித்தான். மழைக்காலத்தில் இரண்டு தடவை சூடம் அணைந்தது. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை. அவனே இறக்க ஆரம்பித்துவிட்டான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பந்தல்குடிக்குக் கிழக்கே ஒரு தோட்டம். அடுத்த நாள் காலையில் கிணற்று லோனுக்கு ஆபீஸர் பார்வையிட வருகிறார், அதற்குள் கல்லை எடுத்து ஆழத்தைக் காட்ட வேண்டும் என்று தோட்டத்துக்காரர் நின்றுகொண்டிருந்தார். துளை ஐந்து போட்டிருந்தது. வெடித்தது. நீ கண்ணைத் திறந்து, “நாலு” என்றாய்.

“ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும்” என்றார் தோட்டத்துக்காரர்.

“வெடிச்சிருக்கலாங்கய்யா. எனக்கு நாலுதான் கேட்டுச்சு.”

எனக்கும் இரண்டு ஒன்றாக வெடித்த மாதிரிதான் இருந்தது. அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன், அதனால் அப்படியே கேட்டது. ஆட்கள் உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “எவனும் வர வேண்டாம், நானே எறங்குறேன்” என்று ஏணியில் கால் வைத்தேன்.

நீ ஏணியின் தலைமாட்டில் வந்து நின்றாய். “வில்லையக் குடுங்க.”

“எனக்கு ஏதுய்யா வில்ல?”

“அப்ப எறங்க முடியாது. வில்லை இல்லாத ஆளு குழிக்குள்ள கெடையாது.”

“கெணறு என் காண்டிராக்டு. மருந்து என் மருந்து.”

“உசிரும் உங்க உசிருதான் மச்சான். ஆனா வீட்டுக்குப் போயி ஞானத்துக்கிட்ட நாந்தான பதில் சொல்லணும்.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் நாக்கு எங்கெங்கோ போனது. என் சோற்றைத் தின்றுகொண்டு எனக்கே சட்டமா என்றேன். வடக்கே கரி தின்றவனுக்கு வயிறு நிறைந்ததும் வாய் வந்துவிட்டது என்றேன். கடைசியாக, “நாளையிலேர்ந்து வேலைக்கு வராத” என்றேன்.

“சரி மச்சான். நாளைக்குத்தான? இன்னைக்கு மேஸ்திரி நாந்தான்” என்று சொல்லிவிட்டு ஏணியை மேலே இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாய்.

மறுநாள் காலையில் நான் போவதற்கு முன்பே நீ அங்கே இருந்தாய். வேலையை விட்டு நிறுத்தியதெல்லாம் நடக்காத மாதிரி சூடச் சட்டியை இறக்கிப் பார்த்துவிட்டு, வெடிக்காத மருந்து நனையட்டும் என்று மேலிருந்து தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு, மாடசாமியை மட்டும் அழைத்துக்கொண்டு இறங்கினாய். தென்மூலையில், ஏணி ஊன்றுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, கல்லுக்கு அடியில் ஐந்தாவது துளை அப்படியே இருந்தது. திரி பாதிவரைக்கும் கருகி நின்றிருந்தது. நீ என்னைக் கூப்பிடவில்லை. மாடசாமிதான் மேலே பார்த்து, “மொதலாளி, வந்து பாத்துட்டுப் போங்க” என்றான்.

இறங்கிப் பார்த்தேன். ஏறி வந்தேன். நீ அதைத் தோண்டாமல், ஒரு முழம் தள்ளிப் புதுத் துளை போட ஆளை வைத்தாய். ஆபீஸர் வந்தார், ஆழம் போதாது என்று பத்து நாள் கழித்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பத்து நாளுக்காகவா அப்படித் துடித்தோம்?

மறுவாரம் எனக்கும் ஒரு வில்லை வெட்டிக்கொண்டேன். அதைத்தான் நான் மன்னிப்புக் கேட்டதாக நீ எடுத்துக்கொண்டிருப்பாய். ஆனால் வாயால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் இந்த ஐந்தாறு வருஷமாகத் தின்றது, உடுத்தியது, என் மூத்தவளுக்குக் கல்யாணம் முடித்தது, பேரனைத் தூக்கியது எல்லாம் அன்றைக்கு நீ ஏணியை விட்டு எழுந்திருக்காததால் கிடைத்தது. ரொம்ப நன்றி, மாப்பிள்ளை.

நீ இல்லாத சமாச்சாரங்களையும் சொல்ல வேண்டும். நீ கண்ணை மூடிய இரண்டு மாதத்துக்கெல்லாம் வெள்ளைக்காரன் கொடியை இறக்கிவிட்டார்கள். கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். ரேஷன் மட்டும் அப்படியே இருக்கிறது. உணவு உற்பத்தியைப் பெருக்கு என்று சர்க்கார் கிணற்றுக்கு லோன் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் வந்தது எண்ணுகிற ஆளுக்கு. உனக்குப் பிறகு கடையில் நிற்கிற ஒருவனிடம் வில்லைகளை வாங்கி வைத்துச் சத்தம் எண்ணுகிற வேலையைக் கொடுத்தேன். நல்ல காதுள்ளவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன். முதல் வெடி முடிந்ததும், “எத்தன?” என்று கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்து, “நீங்க எத்தன கேட்டீக மொதலாளி?” என்றான்.

அந்த இடத்தில்தான் உன் அருமை எனக்கு முழுசாகத் தெரிந்தது. காது எல்லோருக்கும் இருக்கிறது. எனக்குப் பயப்படாத காது வேண்டும். நான் சம்பளம் கொடுக்கிறவர்களில் அப்படி யார் இருக்கிறார்கள்? ஒரு வாரம் யோசித்தேன். அருப்புக்கோட்டையில் எனக்குப் பயப்படாத ஆள் ஒன்றே ஒன்றுதான், அது உன் பெண்டாட்டி.

ஞானத்திடம் போய்ச் சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைக்காமலே கேட்டாள். “நான் நாலும்பேன், நீங்க அஞ்சும்பீக. அப்ப என்ன செய்ய?”

“நீ சொல்றதுதான்.”

“இத எங்கிட்டச் சொல்லி என்ன அண்ணே? ஆளுக முன்னாடி சொல்லுங்க, வாரேன். அவுகள அன்னைக்கு நாலு பேரு முன்னாடி என்ன பேச்சுப் பேசுனீக.”

நீ அதை அவளிடம் சொல்லியிருக்கிறாய் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நீ போன நாலாம் மாதம் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு கிணறு. அவளை அழைத்துக்கொண்டு போனேன். அந்தத் தோட்டத்துக்காரர் அவளைப் பார்த்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார். “தாலி எறங்குன பொம்பளயக் கெணத்து வாயில நிறுத்துறீகளே, நாளைக்குத் தண்ணி வருமா? ஆளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?”

ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் மனசில் அதுதான் ஓடியது, எனக்குத் தெரியும். ஞானம் சேலை முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு நின்றாள். அவள் அன்று திரும்பிப் போயிருந்தால் உன் எண்ணிக்கை உன்னோடு முடிந்திருக்கும். ஒரு மாதத்தில் துண்டு திரும்ப வந்திருக்கும். நானே கொடுத்திருப்பேன்.

“இவ நிக்கலேன்னா என் ஆளு ஒருத்தனும் எறங்க மாட்டான். மருந்த வண்டியில திரும்ப ஏத்திருறேன்” என்றேன். ஏற்ற வேண்டி வரும் என்றுதான் நினைத்தேன்.

மாடசாமி இடுப்பிலிருந்து வில்லையை எடுத்தான். நேராக ஞானத்திடம் போய் அவள் கையில் வைத்தான். “எங்கண்ணன் செத்தன்னைக்குக் கெணத்து மேட்டுல ஒரு பொம்பளையும் இல்லீங்கய்யா, எல்லாம் நல்ல சகுனமாத்தான் இருந்துச்சு” என்று தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கினான். அப்புறம் ஒவ்வொருவராக வந்து கொடுத்தார்கள்.

துளை ஆறு. எல்லோரும் ஏறி வந்தார்கள், கடைசியாகப் பற்றவைத்த மாடசாமியும் வந்து தன் வில்லையை வாங்கிக்கொண்டான். வெடித்தது. உன்னை மாதிரி அவள் கண்ணை மூடவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஐந்தா ஆறா என்று குழப்பம். அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. “அஞ்சு” என்றாள்.

தோட்டத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பொழுது உச்சிக்குக்கூட வரவில்லை, பாதி நாள் வேலை கிடந்தது. என் வாய் பழைய பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டேன். “எல்லாரும் வீட்டுக்குப் போங்க. நாளைக்குக் காலையில பாப்போம்” என்றேன்.

மறுநாள் இறங்கிப் பார்த்தால் ஆறும் வெடித்திருந்தன. இரண்டு ஒன்றாகத்தான் வெடித்திருக்கின்றன.

“மேஸ்திரியம்மா நமக்கு ஒரு நாளத் தின்னுட்டாக” என்றார் தோட்டத்துக்காரர். ஞானத்தின் முகம் சுருங்கிப் போனது. திரும்பி வரும்போது வண்டியில், “தப்பா எண்ணிட்டேனோ அண்ணே? நான் வரலே, வேற ஆளப் பாருங்க” என்றாள்.

“ஒனக்கு எத்தன கேட்டுச்சு?”

“அஞ்சு.”

“அஞ்சு கேட்டா அஞ்சுன்னு சொல்லணும். அதுக்குத்தான் ஒன்னக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்கும் வா” என்றேன். “அவுக இருந்தா இதத்தான் சொல்லியிருப்பாக” என்றாள். என் ஆயுசில் யாரும் என்னை அவ்வளவு உயர்த்திப் பேசியதில்லை.

மாப்பிள்ளை, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் மருந்து இறங்குகிற கிணறு எதிலும், எண்ணுகிறவள் ஒன்று குறைவாகச் சொன்னால், அவள் சொன்னது தப்பு என்று எனக்கே தெரிந்தாலும், மறுநாள் விடியும்வரை யாரும் இறங்க மாட்டார்கள். நான் இறங்க மாட்டேன். எனக்குப் பிறகு கடையை நடத்துகிறவனும் இறங்கக் கூடாது. அப்படி எத்தனை நாள் வீணாகப் போனாலும் போகட்டும். வாயால் சொன்னால் நாளைக்கு ஒரு அவசரத்தில் நான் மாற்றிப் பேசுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் ஊரே படிக்கிற மாதிரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

உன்னால் உயிரோடு இருக்கிற உன் மச்சான்,
அருளப்பன்
அருப்புக்கோட்டை